ஜீனா மிதிக்க வேண்டிய கிளட்ச்

ஏட்டி ஜீனா, வேலைவிட்டு வந்த களைப்போடு இப்படிக் கிட்ட வந்து உட்கார். உன் மாமி நேசமணி ஒரு கதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நேசமணியின் மகன் டெல்வின் ரெண்டே சீட்டு உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். "மாமி எங்க உக்காருவாவ, டிக்கியிலயா?" என்று அவன் பெண்டாட்டி ஜீனா கேட்டாள். அன்றிலிருந்து மூன்று நாளாகப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சில்லை.

இன்று கிளட்ச் பெடல் மிதித்தால் மேலே வரவில்லை. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துவிட்டதாம். நேசமணி உள்ளே உட்கார்ந்து மிதித்தாள். அவன் கீழே படுத்து நட்டைத் திறந்து காற்றை விட்டான். அவன் நட்டை மூடுமுன் அவள் காலை எடுத்தாள். போன காற்று திரும்ப உள்ளே வந்தது. நாலு தடவையும் அப்படித்தான்.

"யம்மா, நான் மூடுன பொறவு காலை எடு."

"மூட்டு கேக்க மாட்டேங்குலே. ஜீனாவக் கூப்புடு."

அவன் காருக்கடியில் ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினான்.

மூட்டுக்கு ஒன்றுமில்லை என்பது கர்த்தருக்கும் உனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மிதி, பிடி, விடு என்று மூன்று வார்த்தையாவது பேசாமல் இந்த வேலை முடியாது. அதற்குமேல் பேசுவது உங்கள் பாடு. நேசமணி நாகலாபுரத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள், நாளைக்குத்தான் வருவாள்.

கருவாட்டுக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. கார் சாவி அரிசி டப்பாமேல்.

மறந்துவிட்டேன்: அந்த எண்ணெய் பெயிண்டையே உரிக்குமாம், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

எனக்காகச் சண்டை போட்ட மகளே, உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்கக் கர்த்தர் அருளட்டும்.