வலப்பக்கத்துத் தொட்டி

இன்று காலையில் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகச் சேலைப் பெட்டியைத் திறந்தால் குப்பென்று ரப்பர் நாற்றம். உள்ளே பொத்தி வைத்திருந்த உங்கள் வண்டி ஹாரனின் கறுப்புக் குமிழ் கோடை வெக்கையில் இளகி, என் நல்ல வெள்ளைச் சேலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. போன பிறகும் என் சேலையைப் பாழாக்க உங்களால்தான் முடியும்.

மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் எஞ்சினை நீங்கள் மாட்டுவண்டியில் ஏற்றி வந்த நாளிலேயே எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. ராஜபாளையம் ஜின்னிங் மில்லில் பிட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டு முற்றத்தில் இன்னொரு மில்லையே நடத்தினீர்கள். சோற்றுப் பானை மூடியில் ஆணி, குளிக்கிற செம்பில் கிரீஸ். கேட்டால் ஒரே பதில்தான்: "ஒனக்காகத்தானட்டி இம்புட்டுப் பாடும்."

எனக்காகத்தான். மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறவள் நான். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால், மாட்டுவண்டி போய்ச் சேருவதற்குள் பாதிக் காரியம் கைமீறிவிடும். அதனால் அந்த எஞ்சினை வைத்து ஒரு மோட்டார் சைக்கிளைக் கட்டி, அதற்குப் பக்கத்தில் நான் உட்கார ஒரு தகரத் தொட்டி செய்து பூட்டினீர்கள். அதுவரை சரி. அதை வலப்பக்கம் பூட்டினீர்களே, அங்கேதான் வந்தது வினை.

பதிவுக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். தொட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ரோட்டுல நாம இடப்பக்கம் போறோம். தொட்டி வலப்பக்கம் இருந்தா எதிர்ல வாற லாரி அம்மா மேலதான் ஏறும். மாத்திப் பூட்டிக் கொண்டுவாங்க."

ஒரு பச்சைப்பிள்ளைக்குக்கூடப் புரியும். நீங்களோ ஹாரனை மாற்றினீர்கள், சைலன்ஸரை மாற்றினீர்கள், தொட்டியை மட்டும் தொடாமல் மறுபடியும் கொண்டுபோய் நின்றீர்கள். மறுபடியும் திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு வந்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ராஜூ வீட்டம்மாள் சுவர் மேலாக எட்டிப் பார்த்தாள். "என்ன நெனச்சுக்கிட்டு இப்படிப் பண்ணுதீய?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள்:

"ஒனக்கு வலது காது கேக்காதுல்லா. இடப்பக்கம் வச்சா ஒன் வலது காதுப் பக்கம்லா நான் இருப்பேன், பேசுறது எப்படிட்டி கேக்கும்?"

"அந்த எஞ்சின் சத்தத்தில யாருக்குத்தான் கேக்கும்!" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அடுப்படிக்குப் போய் அழுதேன். அதை உங்களிடம் சொன்னதில்லை.

அந்த வாரமே சுந்தரபாண்டியத்திலிருந்து ஆள் வந்தது. பதிவாகாத வண்டி முற்றத்தில் நிற்க, மாட்டுவண்டியில் போனேன். தாய் பிழைத்தாள். பிள்ளை நான் போவதற்கு முன்பே அடங்கிவிட்டது. திரும்பி வந்து உங்களிடம் அதைச் சொன்னேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியைக் கழற்றினீர்கள். இடப்பக்கம் பூட்டி முடிக்கும் வரை சாப்பிடவும் வரவில்லை. அடுத்த சோதனையில் இன்ஸ்பெக்டர் மறுபேச்சில்லாமல் பாஸ் போட்டார்.

பிறகு வத்திராயிருப்பு என்ன, தளவாய்புரம் என்ன, சுற்றாத ஊர் இல்லை. எத்தனையோ பிள்ளைகள் நம் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிறந்தன. வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்கென்று தொட்டிக்குள் இந்த ஹாரனைத் தனியாக வைத்தீர்கள். நான் அமுக்கினாலும் நீங்கள் நிறுத்தியது கிடையாது. வழி நெடுகப் பேச்சு. உங்கள் வாய் அசைவதைப் பார்ப்பேன், தலையாட்டுவேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை. எதற்கெல்லாம் சரி என்று தலையாட்டினேனோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

கடைசியாகப் படுத்திருந்தபோது ஏதோ முணுமுணுத்தீர்கள். இத்தனை வருஷப் பேச்சில் ஒன்றாவது கேட்கட்டும் என்று கட்டிலைச் சுற்றி வந்து, நல்ல காதை உங்கள் வாயருகில் வைத்தேன். "செயினுக்கு எண்ணெய் விட்டியாட்டி?" என்றீர்கள். அதுதான் உங்கள் கடைசிப் பேச்சு. நல்ல மனிதர்!

இப்போது பிரசவத்துக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். வலப்பக்கம் யாராவது வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. இறங்கும் வரை தலையாட்டிக்கொண்டே போகிறேன்.