விளக்குமாற்றுப் படைக்கு ஒரு போர்வை

நெப்ராஸ்கா
செப்டம்பர் 4, 2023

அன்புத் தம்பி டாரலுக்கு,

அக்கா எழுதுவது. ஆலங்கட்டி மழை சோளத்தைப் பாதி அடித்துப் போட்டதைத் தவிர, இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நீயாக எங்கே எழுதப் போகிறாய்!

நவம்பரில் படைவீரர் நாளன்று எங்கள் தேவாலயக் கூடத்தில், படைவீரனுக்குச் செய்யும் மரியாதையாக உனக்குப் போர்வை போர்த்தப் போகிறோம். துண்டுத் துணிகளை இணைத்து நாங்கள் பெண்களே தைப்பது, ஓரத்தில் உன் பெயரோடு. நீ முன்னால் வந்து நின்றால் போதும். இரண்டு பேர் தோளில் போர்த்துவோம்.

அந்தக் காலத்தில் பட்டாளத்திலிருந்தபோது, பசிபிக் தீவிலிருந்து நீ அனுப்பிய படத்தில் அரைக்கால் சட்டையோடு, கறுத்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தாய். "எம் பையன் கடற்கரையில வெயில் காஞ்சுக்கிட்டே சம்பளம் வாங்குறான்" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். நானும் நம்பினேன். அணுகுண்டு சோதனையில் நஞ்சாகிப்போன மண்ணை அதே அரைக்கால் சட்டையில் நீங்கள் அள்ளிக் கொட்டித் தீவைச் சுத்தம் செய்தீர்கள் என்பது போன வருடம்தான், வானொலியில் உங்களைப் பற்றிச் சொன்னபோது தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். உன்னை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

வந்துவிடு.

உன் அக்கா
லோர்னா

மிசூரி
செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. போர்வை வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே.

இங்கே படைவீரர் சங்கத்துக்குப் போனால், "வாப்பா விளக்குமாத்துப் படை! எத்தனை தூசியச் சுட்டுத் தள்ளின?" என்பார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். மண் அள்ளியவன்தானே நான்.

பாராட்ட வேண்டுமென்றால் தீவில் என்னோடு மண் அள்ளிய ரூஃபஸைப் பாராட்டு. அங்கே எங்களுக்கு இருந்ததெல்லாம் ஒரு துணி முகமூடி. என்னுடையது கிழிந்த அன்று தன்னுடையதைக் கழற்றி எனக்குக் கட்டினான். "உன் மூக்குதான்டா பெருசு, உனக்குத்தான் தூசி அதிகமாப் போகும்" என்று சிரித்தான். இப்போது அவனுக்கு நுரையீரலில் புற்று. இங்கேதான் மருத்துவமனையில் கிடக்கிறான். அவன் அங்கே கிடக்க, நான் உங்கள் கூடத்தில் நின்று கைதட்டல் வாங்கவா? என்னால் முடியாது அக்கா.

டாரல்

நெப்ராஸ்கா
அக்டோபர் 2

அன்புத் தம்பி,

பிடிவாதத்தில் நீ அப்பாவையே மிஞ்சிவிட்டாய். போர்வை முடிந்துவிட்டது, பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இதை அலமாரியில் மடித்து வைக்கக் கூடாது, கிழியும்வரை போர்த்திக்கொள்ள வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். மற்றபடி உன் இஷ்டம்.

ரூஃபஸுக்காக ஞாயிற்றுக்கிழமை ஜெபித்தோம். அந்த முகமூடிக்கு என் நன்றியை அவரிடம் சொல். என் தம்பி இன்றும் என்னோடு சண்டை போடுகிறானே, அதற்கு.

லோர்னா

மிசூரி
அக்டோபர் 24

அன்புள்ள அக்கா,

போர்வை என்னிடம் இல்லை.

அதை ரூஃபஸிடம் கொண்டுபோனேன். இரண்டு பேர் போர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தாயே, நானும் அங்கிருந்த நர்ஸும் போர்த்தினோம். நீ சொன்ன நன்றியையும் சொன்னேன். ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"டேய், இதுல உன் பேரு இருக்கு."

"இருக்கட்டும்டா."

"அன்னிக்கு என் முகமூடிய நீ எடுத்துக்கிட்ட. இன்னிக்கு உன் போர்வைய நான் எடுத்துக்கிறேன். சரியாப் போச்சு." சிரித்து, இருமி, மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: "நீ போய் உங்கக்கா முன்னால நில்லு. நீயும் நிக்கலன்னா, நாம அங்க இருந்ததே யாருக்கும் தெரியாமப் போயிடும்டா."

வியாழக்கிழமை போய்விட்டான். குளிர்கிறது என்று கடைசிவரை சொல்லவில்லையாம். அவன் மனைவி மேவிஸ் கேட்டுக்கொண்டபடி, போர்வையோடேயே அடக்கம் செய்தோம். என் பெயரும் அவனோடு போய்விட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

நவம்பருக்குள் இன்னொன்று தைக்க உங்களுக்கு நேரமிருக்காது என்று தெரியும். பரவாயில்லை, நான் வருகிறேன். முதலில் அவன் பெயரைச் சொல்லச் சொல், பிறகு என்னுடையதை. வெறுந்தோளோடுதான் நிற்பேன். நீ கையை வைத்தால் போதும்.

உன் தம்பி
டாரல்