பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி

இன்று அம்பத்தூரில் ஷிப்ட் முடிந்தவர்கள் ரயிலில் ஏறினார்கள். நாம் ஒன்றாகக் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தைப் போலவே லேத் எண்ணெய் வாடை பெட்டி முழுக்கப் பரவியது. நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவே ஒரு கணம் நினைத்துவிட்டேன். செத்தவனிடம் பேசுவது பைத்தியக்காரத்தனம்தான். பரவாயில்லை, கேள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரே கல்லூரியில் இருவரும் பொருளாதாரம் நடத்தினோம். கூலி பிடிக்காவிட்டால் தொழிலாளி ஓய்வைத் தேர்ந்தெடுக்கிறான் என்றது புத்தகம். வெளியே அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒவ்வொரு கம்பெனியாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். "இன்னா மச்சான், எஸ்டேட்டே ஓய்வெடுத்துகினு கீதாம்" என்பாய். துறைத் தலைவர் சிரிக்கமாட்டார். "வேற பொருளாதாரம்னு ஒண்ணு கிடையாதுப்பா. அரசியல் பேசணும்னா வெளியே போய்ப் பேசு" என்பார்.

ஒரு வருஷம் பல்கலைக்கழகக் கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பு உன்னிடம் வந்தது. 'வேலையின்மை என்பது தொழிலாளி விரும்பி எடுக்கும் ஓய்வா? விவாதிக்க' என்று ஒரு கேள்வியை நுழைத்தாய். "ஒருத்தனாவது புக்கை எதிர்த்து எழுதட்டும்டா" என்றாய்.

பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்று புகார் போனது. அப்புறம் என்ன, வழக்கம்போலத்தான். கேள்வி எண்ணை எழுதியிருந்தாலே முழு மார்க் என்று உத்தரவு வந்தது. உன்னை யாரும் மறுத்துப் பேசக்கூட இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதுதான்.

திருத்தும் முகாமில் நாங்கள் எல்லோரும் எண்ணைப் பார்த்து மார்க் போட்டுத் தள்ளினோம். நீ மட்டும் அந்தப் பதில்களை வரிவரியாகப் படித்தாய்.

"மார்க்தான் முடிவாயிடுச்சே, இன்னாத்துக்குடா படிக்கிற?"

"யாராவது படிப்பாங்கன்னுதானே மச்சான் எய்திக்கிறாங்க."

ஒரு தாளை என் பக்கம் தள்ளினாய். 'என் அப்பா ஓய்வெடுக்கவில்லை. கம்பெனியைப் பூட்டிய பிறகும் தினமும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்த் திரும்புகிறார்' என்று நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தது. அடுத்த தாளில் எண் மட்டும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே மார்க்கை நீயே போட்டாய். அன்று நீ சாப்பிட வரவில்லை.

அதோடு உனக்குக் கேள்வித்தாள் தருவதை நிறுத்தினார்கள். ஓய்வு பெறும்வரை நானும் அதே பாடத்தைத்தான் நடத்தினேன், சலிப்போடு. முடித்ததும், "இது பரீட்சைக்கு வராது" என்பேன். பிள்ளைகள் பேனாவை மூடிவிடுவார்கள். பிறகு அந்த இஸ்திரிச் சட்டை வரியைச் சொல்வேன். ஒருவரும் எழுதிக்கொண்டதில்லை.

விடைத்தாளில் பெயர் இருக்காதே. அது யார் பிள்ளையோ. எனக்குத் தெரிந்து அந்த வரியை இன்னும் நினைவில் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். நானும் போய்விட்டால் அதுவும் போச்சுடா.