61ஆம் இலக்கத்துக்காக ஓர் ஆட்சேபம்

11.01.2026, ஞாயிறு

பூசையால் வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் யூட்சனின் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தேன். அமெரிக்காவில், ஐயோவாவின் சோளக் காடுகளுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கல்லூரி. மகன் அங்கே மூன்றாம் வருடம். அமெரிக்கக் காற்பந்து அணியில் 61ஆம் இலக்கம். குனிந்து நின்று காலுக்கிடையால் பந்தைப் பின்னால் எறிவதுதான் அவன் வேலை. இதற்காக இங்கே ஜேர்மனியில், டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் அதிசயம்தான்.

இன்று 'இடமாற்றம்' என்று ஒரு பட்டியல். நாலு பேர் போகிறார்கள், மூன்று பேர் வருகிறார்கள். ஏன் போகிறார்கள்? யார் அனுப்புகிறது? யூட்சனிடம் கேட்டேன். "அது பெரிய கதை அம்மா, பிறகு சொல்லுறன்" என்று வைத்துவிட்டான்.

14.01.

இன்னும் இரண்டு பேர். பந்தை உதைக்கிற பெடியனும் போகிறான். இனி யூட்சன் யாருக்கு எறிவான்?

18.01, ஞாயிறு

பட்டியலில் யூட்சனின் பெயர்.

மூன்று தரம் அழைத்தேன், எடுக்கவில்லை. என்ன பிழை செய்தான்? என் மனுசன் பேனாட் வழக்கம்போல, "அவன் என்ன சின்னப் பிள்ளையே மலர்? சொல்லுவான், விடும்" என்கிறார். எப்படி விடுகிறது? எனக்கு இடமாற்றம் தெரியும். நாங்கள் அகதி விடுதியில் இருந்த காலத்தில் ஒரு மஞ்சள் உறை வரும். வெள்ளிக்குள் பையைக் கட்டு, இன்ன ஊருக்குப் போ. மூன்று தரம் மாற்றினார்கள். நாலாம் தரம் உறை வந்தபோது விடுதியில் பக்கத்து அறையிலிருந்த சரளா அக்கா சொல்லித் தந்தா: விடர்ஸ்புறுக் எழுது. ஜேர்மன் மொழியில் ஆட்சேப மனு என்று அர்த்தம். இரண்டு கிழமைக்குள் போக வேணும், பதிவுத் தபாலில் போக வேணும், தபால் கந்தோரில் தருகிற துண்டை எறியக் கூடாது. அந்த மனுவால்தான் இந்த ஊரில் நிற்கிறோம்.

19.01.

எழுதிவிட்டேன், பயிற்றுநருக்கு. ஜேர்மன் மொழியில் எழுதி, போனில் ஆங்கிலமாக்கினேன். கோப்பு இலக்கம்: 61. காரணம் ஒன்று: அவன் அந்தக் குளிருக்குப் பழகிவிட்டான். இரண்டு: அவனுடைய அறைத்தோழனின் தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்காகச் சோறு சமைக்கப் பழகிவிட்டா. மூன்றாவதை எழுத அரை மணித்தியாலம் போனது. "என்னைக் கேட்காமல் மூன்று தரம் இடம் மாற்றினார்கள். ஒவ்வொரு தரமும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். என் மகனுக்கு அது வேண்டாம்."

பதிவுத் தபால். துண்டு பைபிளுக்குள் இருக்கிறது.

22.01.

கடைசியில் யூட்சன் எடுத்தான்.

"ஒருத்தரும் என்னைக் கலைக்கேல்லை அம்மா. நான்தான் பேர் குடுத்தனான். பெரிய பல்கலைக்கழகம் ஒண்டு விசாரிச்சது."

தானாகவே பெயர் கொடுத்துப் போகலாமா! அந்தப் பட்டியலைப் பார்த்து வேறு கல்லூரிகள் கூப்பிடுமாம். ஆனால் பெயர் கொடுத்தபின் பழைய இடம் நிச்சயமில்லையாம். இடம் போனால் கல்லூரி தருகிற படிப்பு உதவியும் போய்விடும்.

கடிதத்தைப் பற்றி நான் மூச்சும் விடவில்லை. ஐயோ, என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறேன்! தபால் கந்தோருக்குப் போய்க் கேட்டேன். இனித் திருப்பி எடுக்க ஏலாதாம்.

30.01.

பெரிய பல்கலைக்கழகம் வேறொருவனை எடுத்துவிட்டது. ஓர் அணிக்குக் குனிந்து எறிகிறவன் ஒருவன் போதும்தானே. வேறு யாரும் கூப்பிடவுமில்லை.

"பழைய இடத்தைத் திருப்பிக் கேளன் அப்பு."

"எந்த முகத்தோட அம்மா கேக்கிறது?"

படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவானோ? இன்னும் ஒன்றரை வருடம்தானே கிடக்கிறது. பயமாக இருக்கிறது.

04.02.

"அம்மா, என்ன எழுதினனீங்கள்?" போனில் கத்தினான்.

கையெழுத்து வைத்து வாங்கிய கடிதம் என்றபடியால், பயிற்றுநர் ஏதோ வழக்கு என்று பயந்து முதலில் கல்லூரி வக்கீலிடம் காட்டினாராம்! பிறகு யூட்சனைக் கூப்பிட்டு, கடிதத்தை மேசையில் வைத்தாராம். இன்னும் வேறொருவனை எடுக்கவில்லை, உனக்குத் திரும்பி வர விருப்பம் என்று எனக்குத் தெரியாமல் போனதே என்றாராம்.

"நீ என்ன சொன்னனீ?"



"ஓம் எண்டனான்." பிறகு, "மூண்டாவது காரணத்தை வாசிச்சனான். ஒரு நாளும் நீங்கள் எனக்கு அதைச் சொல்லேல்லையே அம்மா."

"நீயும்தானே ஒண்டும் சொல்லேல்லை."

இரண்டு பேரும் அழுதோம். பேனாட் பக்கத்தில் நின்று, யார் செத்தது என்று கேட்கிறார்.

08.02, ஞாயிறு

கல்லூரிப் பக்கத்தில் ஒரே வரி: 61, யூட்சன் பேனாட், இடமாற்றப் பட்டியலிலிருந்து பெயரைத் திரும்பப் பெற்றார். அதற்கு மேலே, டெக்சாஸிலிருந்து புதிதாக ஒரு பெடியன் வருகிறானாம். படத்தில் மெல்லிய சட்டையோடு நிற்கிறான். ஐயோவாக் குளிரை அவனுக்கு யாராவது சொன்னார்களோ? யூட்சனிடம் கேட்க வேணும்.

பயிற்றுநருக்கு நன்றி எழுதித் தபாலில் போட்டேன். பதிவுத் தபாலோ என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சாதாரண முத்திரைதான்.