கூரைக்கு மூன்று பங்கு

அன்பு மகன் ஒகேச்சுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்தப் பாலைவன வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். கைப்பேசியில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், தாளில் எழுதியதை நடுவில் வெட்ட முடியாது பார், அதனால்தான் மீன்காரி ரொசாலியாவின் மகள் அங்கே வேலைக்கு வரும்போது அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படி.

கூரை மாற்றுகிற பேச்சு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். மேஸ்திரி சிப்ரியானைக் கூப்பிட்டு நான்தான் முதலில் பேசினேன். மூன்று பங்கு, வேலை தொடங்கும்போது ஒன்று, மரமும் தகரமும் வாசலில் வந்து இறங்கியதும் ஒன்று, முதல் மழை பெய்து உள்ளே சொட்டவில்லை என்றால் கடைசிப் பங்கு என்றேன். ஏரிக்கரையில் முப்பது வருஷம் மீன் வாங்கி விற்றவள் நான், வலை கரையேறும் முன்னே முழுக் காசையும் கொடுக்கக் கூடாது என்பதும் தெரியும், படகுக்கு எண்ணெய்க் காசு கொடுக்காமல் மீன் வராது என்பதும் தெரியும். அந்த மனிதன் தொப்பியைக் கழற்றி, "இப்படித் தெளிவாப் பேசுறவங்க வீட்ல வேலை பாக்குறதுக்கு நிம்மதிம்மா" என்றான்.

அதற்குள் உன் சித்தப்பா ஒபுராவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. உன் அப்பா போனதும், அண்ணன் மனைவி தம்பிக்கு என்ற நம் ஊர் முறைப்படி என்னைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வந்தான், நான் முடியாது என்றேன், எட்டு வருஷமாகியும் அதை அவன் விழுங்கவில்லை. வாசலில் நின்று ஊர் கேட்க, "ஆம்பளை இல்லாத வீட்டுக் கூரையில, எங்க குடும்பத்து ஆள் முன்ன நிக்காம எவன் கை வைப்பான்? சாபம் புடிச்சா யாரு பதில் சொல்றது அண்ணி?" என்றான். நீயாவது என் பக்கம் பேசுவாய் என்று பார்த்தேன். "அம்மா, பெரியவங்க முறைன்னு ஒண்ணு இருக்கில்ல, சித்தப்பா பாத்துக்குவாரு" என்று சொல்லி முழுப் பணத்தையும் ஒரே நாளில் அவனுக்கு அனுப்பிவிட்டாய். ஒப்பந்தம் எழுதிய அன்றைக்கு அவனுக்கு நான்தான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். தொடைக்கறி இரண்டையும் அவனே தின்றான், வயிறு எரிகிறது எனக்கு.

மறுநாளே பழைய தகரத்தை எல்லாம் பிரித்தார்கள், இரண்டு நாளில் மரமும் புதுத் தகரமும் வந்து இறங்கின. அதோடு மேஸ்திரியைக் காணவில்லை. அப்புறம் மழை வந்தது. கட்டிலைச் சமையல் குடிசைக்கு இழுத்துப் போட்டு, ஆட்டோடு ஆடாகப் பதினோரு நாள் படுத்தேன். சுவரில் மாட்டியிருந்த உன் அப்பா படத்தில் தண்ணீர் இறங்கி முகம் அழிந்துவிட்டது, தொப்பி மட்டும் தெரிகிறது. சந்தையில் சிப்ரியானைக் கண்டதும் அத்தனை பேர் முன்னால் திருட்டுப் பயலே என்று கத்தினேன், அவன் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டினான். பங்கு மூன்று, நான் சொன்னபடியே. முதல் பங்கு வாங்கியதற்கு அவன் கையெழுத்து இருக்கிறது, இரண்டாம் பங்கு கொடுத்ததற்கு யார் கையெழுத்தும் இல்லை. "மரம் வந்த அன்னிக்கே ஒபுராகிட்ட போய்க் கேட்டேம்மா, இன்னிக்கு நாளைக்குன்னாரு. தகரக் கடையில என் பேர்ல கடன் நிக்குது. உங்க கிட்ட வரலாம்னா, இந்தத் தாள்ல உங்க பேரு எங்கேயும் இல்லையே, நான் எந்த முறையில உங்களைக் கேக்குறது?" என்றான். தாளில் அப்படித்தான் இருந்தது, வீட்டு உரிமையாளர் ஒபுரா. சாட்சி, அங்கிருந்தே பெயர் கொடுத்த என் மகன் ஒகேச். சந்தை நடுவிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்த வெட்கமும் உன்னால் வந்ததுதான். ஒபுராவிடம் போய்க் கேட்டதற்கு, "பணம் அனுப்புனவன் உன் மகன், அவன் கேக்கட்டும், சொல்றேன்" என்று புது மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான்.

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எழுதினோம். அதே சிப்ரியான், அதே மூன்று பங்கு, முதல் பங்கை அவன் கழித்துக்கொண்டான். மீதிக்கு நீ கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்குப் பரிசமாகக் கொடுப்பதற்காக நான் வளர்த்த மாடு இரண்டையும் விற்றேன், சுழிக் கன்று உட்பட. கோபப்படாதே, கோபப்பட்டாலும் மாடு திரும்பாது. வருகிற மாமனாரிடம் மூன்று பங்காகக் கொடுக்கிறேன் என்று பேசிப் பார், நல்ல மனிதராக இருந்தால் ஒப்புக்கொள்வார். கூரை ஏறிய அன்று ஒபுரா தெருவில் நின்று சாபம் சாபம் என்றான். பதினோரு நாள் நனைந்தவளுக்கு இனி என்னடா சாபம் என்று கேட்டேன்.

நேற்று மத்தியானம் அடித்து ஊற்றியது. கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொட்டு விழவில்லை. அழுதேன், ஆமாம், உட்கார்ந்து அழுதேன். மழை விட்டதும் நடந்தே போய் சிப்ரியான் கையில் கடைசிப் பங்கைக் கொடுத்தேன்.

உன் பணத்தை ஒபுராவிடம் கேட்பதும் விடுவதும் உன் பாடு, என் பெயரைச் சொல்லிக் கேட்காதே. விடுமுறைக்கு வந்தால் உன் கட்டில் காய்ந்த இடத்தில்தான் இருக்கிறது. உன் அப்பாவின் படம் வேறொன்று உன்னிடம் இருந்தால் மறக்காமல் எடுத்து வா. ஆண்டவர் உன் கை வேலையைக் காக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். கீழே என் கையெழுத்தை ஒப்பந்தத் தாளில் போட்டது போலவே போட்டிருக்கிறேன், பார்த்துப் பழகிக்கொள்.

உன் அம்மா,
அலுவோச்,
வீட்டு உரிமையாளர்.