பாவுக்குக் காய்ச்சிய கஞ்சி

அக்கா,

இன்று காலை தெருவில் தறிக்கான பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு நீட்டியிருந்தார்கள். நூலுக்குப் போட்ட அரிசிக் கஞ்சியின் வாடை வீட்டுக்குள் வந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். பிறகு எழுத உட்கார்ந்தேன். படிக்க நீங்கள் இல்லை என்பதால்தான் எழுத முடிகிறது.

நீங்கள் ஊரில் இருந்த கடைசி ஐப்பசியில் விடாத மழை. பாவு நீட்ட வழியில்லை. தறியில் வேலை இல்லை, அடுப்பில் உலையும் இல்லை. வெயில் தலைகாட்டிய அன்று முதலாளி உங்கள் வீட்டுக்குக் கல்யாணப் புடவைக்கான பாவும், அதற்குக் கஞ்சி காய்ச்ச அரிசியும் கொடுத்தனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரி என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டீர்கள். உங்கள் பிள்ளைகள் மூன்றும் அடுப்பையே சுற்றிச் சுற்றி வந்தன. "அது நூலுக்கு, போங்க அந்தாண்ட" என்று விரட்டினீர்கள். ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை.

நீங்கள் பாவு பிடிக்க வெளியே போனபோது, ஒரு சொம்புக் கஞ்சியை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய் என் மகளுக்கு ஊட்டினேன். அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள். எடுத்த அளவுக்குப் பானையில் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர்க் கஞ்சி போட்டால் இழை நிற்காது என்று தெரியாதவளா நான்? தெரிந்துதான் செய்தேன். சாயங்காலம் அவள் கன்னத்தில் காய்ந்திருந்த கஞ்சியை நீங்கள்தான் துடைத்துவிட்டீர்கள். 

தறியில் ஏற்றிய மூன்றாம் நாளே இழைகள் பிசிறடித்து அறுந்தன. முதலாளி வந்து கத்தினார். நான் கூட்டத்தோடு நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு, "நாந்தாங்க, பேசிகினே தண்ணிய ஜாஸ்தி ஊத்திட்டேன்" என்றீர்கள். அவர் பாவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் உங்களுக்கு யாரும் பாவு தரவில்லை. பொங்கலுக்குள் வெம்பாக்கம் பக்கம் கூலிக்கு நாற்று நடப் போய்விட்டீர்கள்.

எட்டு வருஷம் கழித்து நீங்கள் இறந்துபோன சேதி கேட்டு பஸ் பிடித்து வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் நீங்கள் குடியிருந்த கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கு ஒழுங்கா கஞ்சி காய்ச்சியிருந்தா ஊர்லயே இருந்திருப்போம்மா. அத சொல்லிச் சொல்லியே அவள அடிச்சிகினு இருந்தேன்" என்று அழுதார்.

என் மகள் நன்றாக இருக்கிறாள், அக்கா. நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். அந்தத் தலையாட்டலை இன்னும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை.