விசிலும் பொரியும்: என் கம்பெனி மீது நானே தரும் புகார்

அனுப்புநர்:
க. நஞ்சுண்டன்,
உரிமையாளர், பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி,
பெரியநாயக்கன்பாளையம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: என் கம்பெனியில் தயாரித்த லைட் விசிலின் பட்டன் பேட்டரி குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கிப் புண்ணாக்கியது – என் மீது நடவடிக்கை கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் புகாரைக் கொடுக்க வேண்டியவர்கள் என்னிடம் வேலை செய்யும் சாமுவேலும் அவர் மனைவியும். அவர்கள் கொடுக்க மாட்டார்கள். ஆகவே எதிராளியான நானே எழுதுகிறேன்.

2. ஊதினால் விளக்கு எரியும் விசில் அது. பேட்டரி மூடிக்கு முதலில் ஸ்க்ரூ வைத்திருந்தோம். திருவிழாக் கடைக்காரர்கள் சரக்குக்கு அவசரப்படுத்தியதால், ஸ்க்ரூவை விட்டுவிட்டு, அழுத்தினால் பொருந்தும் மூடியாக மாற்றச் சொன்னேன். விசில் குழந்தையின் வாயில்தான் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

3. ஆயுத பூஜையன்று வழக்கம்போல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பொரி கடலைப் பொட்டலம் கொடுத்தேன். கூடவே ஆளுக்கொரு விசில். சாமுவேலின் மூன்று வயது மகள் மதிவதனி, வாய் நிறையப் பொரியோடு விசிலையும் ஊதித் திரிந்தாள். திடீரென்று புரையேறி இருமினாள். "பொரிதானுங்க, முதுகுல ரெண்டு தட்டுங்க" என்றவன் நான். இருமல் நிற்காததால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். வேறு ஏதாவது வாயில் போட்டாளா என்று டாக்டர் கேட்டார். பெற்றோர் என் முகத்தைப் பார்த்தார்கள். பொரிதான் என்று நானே பதில் சொன்னேன். முதலாளி சொன்ன பிறகு அவர்கள் என்ன சொல்வார்கள்? இருமல் மருந்தோடு திரும்பினோம்.

4. பிறகு காய்ச்சல் வந்து மூச்சு இழுத்தது. என் காரிலேயே கோவைக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரேயில் வட்டமாகத் தெரிந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரி என்று டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். அது என் விசிலின் பேட்டரி என்று பெற்றோரிடம் சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் பேட்டரி என்றதும், வீட்டில் எந்த ரிமோட்டிலிருந்து விழுந்ததோ, பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்று ஆறுதல் சொன்னேன். மாற்றுத்துணி எடுத்துவர நான் அவர்களுடைய வீட்டுக்குப் போனபோது, கட்டிலடியில் மூடியில்லாமல் கிடந்த விசிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

5. பேட்டரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் அது இருந்த இடம் வெந்து, மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். போன வாரம்தான் பெற்றோரிடம் உண்மையைச் சொன்னேன். தாய் எழுந்து உள்ளே போய்விட்டார். சாமுவேல், "நீங்க கார்ல கொண்டுபோகலீன்னா புள்ளையே இல்லீங்க. உங்க மேல எப்படிங்க எழுதறது?" என்றார். பிறகு மகளிடம், "மொதலாளிக்கு வணக்கம் சொல்லு, கண்ணு" என்றார். அவள் கைகூப்பினாள். வாய் அசைந்தது. குழாயில் காற்று மட்டும் வந்தது.

6. ஆகவே அந்த விசிலை வார்க்கும் மோல்டுக்குச் சீல் வைக்கவும், அடுத்த தேர்த் திருவிழாவுக்கு முன் கடைகளில் உள்ள விசில்களைப் பறிமுதல் செய்யவும், என் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். சரக்கு போன கடைகளை நானே காட்டித் தருகிறேன். இன்னும் ஒரு வேண்டுகோள். விசாரணைக்கு வரும் அதிகாரி சாமுவேலிடம் என் முன்னிலையில் எதுவும் கேட்க வேண்டாம். நான் எதிரில் நின்றால், அவர் இப்போதும் பொரி என்றுதான் சொல்வார்.

இணைப்பு: மூடியில்லாத விசில் ஒன்று.

இடம்: பெரியநாயக்கன்பாளையம்
நாள்: 17.11.2025

தலைகுனிவுடன்,
(கையொப்பம்)
க. நஞ்சுண்டன்